கேட்டில் ஒரு மணி, பில்லில் ஒரு மணி

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் புதிய மேனேஜர் போன் செய்தார். ‘நம் நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். முதலாளி ரிப்பன் வெட்டினார், நாங்கள் கைதட்டினோம், லட்டு கொடுத்தார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அது மலரில் வரும். இது வராது. வராது என்று தெரிந்தும் உட்கார்ந்து எழுதுவதற்கு ரிட்டயர் ஆனவர்களால்தான் முடியும்.

நான் படித்த கதையில் சொல்ல அதிகமில்லை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். அந்தச் சம்பளத்தில் டைப்ரைட்டிங் முடித்தேன். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டர் ஆர்டர்களை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தொட்டால் ரிப்பேர் ஆகிவிடும், சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று ஆளாளுக்குத் தள்ளி நின்றதால் அதை என் தலையில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தேன். பாதி புரிந்தது, மீதியை மெஷின்களே படுத்தி எடுத்துக் கற்றுக்கொடுத்தன. பிறகு அச்சங்குளம் பக்கம் இந்தப் பட்டாசுக் கம்பெனியில் சிஸ்டம் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. சிஸ்டமும் அம்மாவும் சேர்ந்து ‘சிஸ்டம்மா’ ஆகிவிட்டேன்.

வெடிமருந்து அறைகளுக்கும் ஆபீசுக்கும் நடுவே நல்ல தூரம் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரெல்லாம் ஆபீஸ் பக்கம்தான். பில்லிங்கில் இரண்டு, ஸ்டோரில் ஒன்று, அக்கவுண்ட்ஸில் மூன்று, மெயின் கேட்டில் ஒரு கிழட்டு மெஷின். எல்லாவற்றுக்கும் தலை, சர்வர். அது பில்லிங் அறையில் இருந்தது. ஏ.சி. இருந்த அறைகள் இரண்டே. முதலாளி அறையில் வைக்கலாம் என்றால் அதன் இரைச்சல் அவருக்கு ஆகாது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் பொட்டு அளவு பேட்டரியும் ஒரு கடிகாரமும் உண்டு. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். தனித்தனியாக இருக்கிறவரை யாருக்கும் நஷ்டமில்லை. வயர் போட்டு இணைத்துவிட்டால் எல்லாம் ஒரே மணி காட்டியாக வேண்டும். அதனால் சர்வரை மூத்ததாக வைத்து, மற்றவை அதனிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். கேட் மெஷின் மட்டும் இதில் சேராது. அதில் ஓடியது பழைய புரோகிராம். லாரி நம்பரையும் வெளியே போன மணியையும் தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்தே பதிந்துவிட்டு, சாயங்காலம் மொத்தமாகச் சர்வருக்கு அனுப்பும். அதன் மணியை மாதம் ஒருமுறை நானே கையால் சரி பார்த்து வைப்பேன்.

அந்த வருடம் தீபாவளி சீசனுக்கு முன்னால் பில் போடப் புதிய சாஃப்ட்வேர் வாங்கினோம். பழைய பில்லில் தேதி மட்டும் இருக்கும். இதில் வலது மூலையில் பொடி எழுத்தில் மணியும் விழும். அது சர்வரின் மணி. நல்ல வசதிதான் என்று நானே எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தேன்.

சீசன் சூடு பிடித்ததும் ஸ்டோரிலிருந்து ஒரு புகார் வந்தது. காலையில் நன்றாக இருந்த கம்ப்யூட்டர் திடீரென்று, ‘உனக்கும் சர்வருக்கும் மணி ஒத்துப்போகவில்லை’ என்று சொல்லி உள்ளே விடமாட்டேன் என்கிறதாம். நான் போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிட்டது. இன்னொரு நாள் அக்கவுண்ட்ஸில் இதே கதை. வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் இருக்கும் கோளாறுதான் இந்த வேலையில் உயிரை வாங்குவது. டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோவது மாதிரி, ஆளைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். சீசன் முடியட்டும், நிதானமாகப் பார்ப்போம் என்று தள்ளி வைத்தேன்.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு மேனேஜர் சுந்தரவேலு சார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசையில் பேப்பர் எதுவும் இருக்காது, ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க் மட்டும் இருக்கும். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, ஒரு மடக்கு குடித்துவிட்டு, “அப்புறம்?” என்பார். சொன்னவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடியும் “அப்புறம்?” இப்படியே நாலு தடவை கேட்டால், சொல்ல வந்ததும் சொல்லக்கூடாததும் சேர்ந்து வெளியே வந்துவிடும். திட்டு வாங்கியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். அவருடைய “அப்புறம்?” வாங்கியவர்கள் முகம் வெளிறித்தான் வருவார்கள்.

அன்றைக்கு அவர் மேசையில் பேப்பர் இருந்தது. ஒரு பக்கம் பில்கள், மறுபக்கம் கேட் பதிவுகள். சில நாட்களில் சில லாரிகள், பில் போட்ட நேரத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே கேட்டைத் தாண்டியிருந்தன. பில்லைக் கையில் வாங்கி, பெட்டிகளை எண்ணிப் பார்த்து, லாரியை வெளியே விடுவதுதான் கேட் கிளார்க்கின் வேலை. பில்லே பிறக்காத நேரத்தில் லாரி வெளியே போயிருக்கிறது என்றால், எத்தனை பெட்டி ஏறியது, எத்தனைக்குப் பில் வந்தது என்று யார் சொல்வது? முதலாளி வரைக்கும் விஷயம் போய்விட்டது. கள்ளனைக் கண்டுபிடித்து அனுப்பச் சொல்லிவிட்டாராம். சிஸ்டத்தில் தவறில்லை என்று நான் வருகிற புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால், கேட் கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர்.

கேட் கிளார்க் காஜா பாய். விருதுநகர்க்காரர். அண்ணன்மார் இருவரும் பஜாரில் வத்தலும் பருப்பும் மொத்த வியாபாரம். இவருக்கு வியாபாரம் ஒட்டவில்லை, சம்பளத்துக்கு வந்துவிட்டார். நானும் விருதுநகர் என்பதால் காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போவோம். அந்த பஜாரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வாய்ச்சொல்லில்தான் சரக்குக் கை மாறும். தம்பி பட்டாசுக் கம்பெனியில் லோடு கடத்தி மாட்டிக்கொண்டான் என்று ஒரு பேச்சு அங்கே போனால், அண்ணன்கள் கடையிலும் ஆள் நின்று யோசிப்பார்கள். வேலை போவதைவிட பாய் பயந்தது அதற்குத்தான்.

“பில்லு கைக்கு வராம ஒரு வண்டியக்கூட நான் விட்டதில்ல சிஸ்டம்மா” என்று பஸ்ஸில் ஒருமுறை சொன்னார். “பெட்டிய எண்ணுவேன், வண்டி நம்பரப் பாப்பேன், கையெழுத்துப் போடுவேன். மூலையில இருக்க பொடி எழுத்த நான் எங்க பாத்தேன்?” அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாக வர ஆரம்பித்தது. நான் போய் உட்கார்ந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முறைப்படிதான் தொடங்கினேன். முதலில் சந்தேகப்பட்டது கேட் மெஷினை. வயசான மெஷின், பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன். என் கைக்கடிகாரத்தோடு தினமும் ஒப்பிட்டேன். கிழடாக இருந்தாலும் நேர்மையாக ஓடியது. அடுத்தது சர்வர். சாயங்காலம் எல்லாரையும் வெளியே வரச் சொல்லி அதை நிறுத்தி, அதற்கும் பேட்டரி மாற்றினேன். மறுநாளும் குழப்பம் வந்தது. சர்வர் மணி குதித்தால் சில கம்ப்யூட்டர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் குதித்தன, சில முறைத்துக்கொண்டு நின்றன. சாஃப்ட்வேர்க்காரர்களிடம் போனில் கேட்டால், வைரஸாக இருக்கும் என்றார்கள். எதற்கெடுத்தாலும் வைரஸ் என்பது அந்தக் காலத்தில் போனை வைப்பதற்கு ஒரு வழி. அதற்கும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை.

என் மேசையிலிருந்தே அவ்வப்போது சர்வரிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று புலப்பட்டது. அது முன்னால் தாவுகிறது, கொஞ்ச நேரம் கழித்துச் சரியான மணிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பின்தங்கும், தாவாது. பழுதானால் பழுதாகவே கிடக்கும், தானாகத் திருந்தாது. இது மெஷின் வேலையில்லை, ஒரு கை வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. யார் கை, எதற்கு என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் தாவும், ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல். ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் கேட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு லாரி வந்தது. பாய் பில்லை வாங்கினார், எண்ணினார், விட்டார். எல்லாம் என் கண் முன்னால். பில்லை வாங்கி மூலையைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டியதாகப் போட்டிருந்தது. கேட் மெஷினும் என் கைக்கடிகாரமும் பதினொன்றே கால் என்றன. இன்டர்காமில் பில்லிங் அறையைக் கூப்பிட்டு மாரீஸ்வரியிடம் சர்வரில் மணி என்ன என்று கேட்டேன். பில் போடும் பெண் அவள்தான். “பன்னெண்டு தாண்டிருச்சுக்கா” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

காஜா பாயிடம் சொன்னேன். அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். “பன்னெண்டு தாண்டிருந்தா நான் ஜும்மாவுக்குக் கிளம்பிருப்பேனே” என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, அவருக்கே உரிய அலுப்போடு, முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்குத் தமக்கு ஓய்வு என்றார். ராகு காலத்தில் முதலாளி ஒரு லோடு வெளியே விடமாட்டார், லாரியெல்லாம் வரிசையாக நிற்கும், தாம் நிம்மதியாக டீ குடிப்பார். இந்த சீசனில் அதெல்லாம் போச்சு, எந்நேரமும் விடுகிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சனிக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல். சர்வர் தாவிய நாட்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். அத்தனையும் ராகு காலம். ராகு காலம், எமகண்டம் அச்சடித்த காலண்டர் தாள்கள் நடுவிலேயே வேலை பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியதற்கு இரண்டு பேட்டரி வாங்கியிருக்கிறேன்.

மாரீஸ்வரியிடம் நான் அதட்டிக் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் அவளே சொல்லிவிட்டாள். வடக்கேயிருந்து ஆர்டர் நெருக்கியடித்து வந்தது. லாரி நிற்க முடியாது, ராகு காலத்தில் அனுப்ப முதலாளிக்கு மனசும் கேட்கவில்லை. புதிய பில்லில் மணி விழுவதைப் பார்த்ததும், பில்லில் நல்ல நேரம் விழுந்தால் போதும், அதுதானே புறப்பட்ட நேரத்துக்குச் சாட்சி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மணியை மாற்றிப் போட முடியுமா என்று இவளிடம் கேட்டிருக்கிறார். தினசரி பேக்கப் எடுப்பதற்காக நான் கொடுத்திருந்த பாஸ்வேர்ட் இவளிடம் இருந்தது. சர்வர் மணியைத் தள்ளிவைப்பாள், பில் போடுவாள், பிறகு திருப்பி வைப்பாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது முதலாளி உத்தரவு.

“பாய்க்கு இப்படி வந்து விடியும்னு எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். “தெரிஞ்ச பெறகு சொல்லவும் பயமா இருந்துச்சு. முதலாளி சொன்னத நான் எப்படி வெளிய சொல்ல?”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கள்ளனைக் கண்டுபிடிக்கச் சொன்னவரே மணியை மாற்றச் சொன்னவர். தாம் செய்ததற்கும் கேட்டில் நடப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது சாமி விஷயம், இது களவு விஷயம்.

சனிக்கிழமை மேனேஜரிடம் போனேன். சொல்லிக்கொண்டே வந்தேன். “அப்புறம்?” என்றார். ராகு காலம் வரை வந்ததும் “அப்புறம்?” வரவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்தார், ஊற்றவில்லை, மூடினார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவர் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு, மெஷின் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாயும் தப்பித்துவிடுவார், யார் மனசும் நோகாது என்றார்.

“மெஷின் கோளாறுன்னு எழுதுனா, அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கோளாறு வருமே சார்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தமக்கு எதுவும் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்புதான் வந்தது.

திங்கட்கிழமை வேலையை முடித்தேன். சர்வர் பாஸ்வேர்டை மாற்றினேன். பேக்கப் எடுக்க மாரீஸ்வரிக்குத் தனியாக ஒன்று கொடுத்தேன், அதில் மணியைத் தொட முடியாது. சர்வர் தன் மணியை இன்டர்நெட் வழியாக வெளியிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி வைத்தேன். கேட்டின் கிழட்டு மெஷினுக்கும் ஒரு சின்ன கட்டளை எழுதி, காலையில் அதைப் போட்டதும் சர்வரிடம் மணி வாங்கும்படி செய்தேன். செய்வதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. செய்துவிட்டு, வேலை போனால் வீட்டுக்கு என்ன வழி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அப்போது வேலையில் இல்லை, பையன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல், நான் பில்லிங் அறையில் இருந்தபோது முதலாளியே உள்ளே வந்தார். மாரீஸ்வரி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். வெளியே லாரி என்ஜினை ஓடவிட்டபடி நின்றது.

“ஏந்தாயி, மணி மாற மாட்டேங்குதாமே?”

“நாந்தான் பூட்டி வச்சிருக்கேன் முதலாளி.”

“எதுக்கு?”

“இங்கன மணிய மாத்துனா, அங்கன காஜா பாய்க்குக் கள்ளன்னு பேரு வருது முதலாளி.”

அவருக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பில்லையும் கேட் பதிவையும் அவர் முன்னால் வைத்தேன். நான் கேட்டில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னேன். முதலாளி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் கணக்கில் அவரை ஏய்க்க முடியாது. இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாரீஸ்வரியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நேரம் போனது. மேனேஜர் எட்டிப் பார்த்து, லாரியை விடச் சொல்லட்டுமா என்று கேட்டார். “நிக்கட்டும்” என்றார் முதலாளி. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு நிழல் பார்த்துப் படுத்தான். சர்வர் இரைந்துகொண்டிருந்தது. முதலாளி ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்து, “இது எந்நேரமும் இப்படித்தான் கத்துமா?” என்றார். ஆமாம் என்றேன்.

ராகு காலம் முடிந்ததும் பில் போடச் சொன்னார். பிரிண்டர் துப்பிய தாளைத் தாமே கிழித்து எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். அவர் கேட்டுக்கு நடந்து போய் யாரும் பார்த்ததில்லை, காரில்தான் போவார். பின்னாலேயே மேனேஜர் ஓடினார், நானும் போனேன். பாய் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை. சீட்டைக் கிழித்து அனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்திருப்பார்.

முதலாளி பில்லை நீட்டினார். “பாத்து விடுங்க பாய்” என்றார்.

காஜா பாய் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூலையிலிருந்த பொடி எழுத்தை முதலில் படித்தார். தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். வழக்கமாக அடுக்கை எண்ணிப் பெருக்கிவிடுவார். அன்று ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். மேனேஜர் ஒரு நாற்காலி கொண்டுவந்தார், முதலாளி வேண்டாம் என்று கையைக் காட்டினார். எண்ணி முடிக்கிறவரை சாயங்கால வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். பாய் அவசரப்படவில்லை. கையெழுத்துப் போட்டு, லாரியை விட்டு, பில்லின் நகலை முதலாளியிடம் கொடுத்தார். எங்கள் கம்பெனியில் மன்னிப்பு என்பது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, புகைக்குக் கண்ணைத் துடைப்பது மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தது, போனது. என்னிடம் கேட்ட கடிதத்தை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. ராகு காலத்தில் லாரிகள் பழையபடி நின்றன. மாரீஸ்வரி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, பிறகு பழையபடி “யக்கா” என்றாள். ஆனால் விருதுநகர் பஜாருக்குச் சேதி முன்பே போய்விட்டிருந்தது. பழி போன வேகத்தில் அது பொய் என்பது போய்ச் சேரவில்லை. மூத்த அண்ணன் கடையில் இவரைக் கல்லாப் பக்கம் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாய் அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு லாரிக்கும், பில்லும் சரியாக இருக்கும், மெஷினும் சரியாக இருக்கும், ஆனாலும் இன்டர்காமை எடுத்து என்னைக் கூப்பிடுவார். “சிஸ்டம்மா, மணி எம்புட்டு?” நான் என் கையைப் பார்த்துச் சொல்வேன். “சரி” என்று வைத்துவிடுவார். சீசனில் போன் ஓயாது. சாப்பாட்டுக் கையோடு சொல்லியிருக்கிறேன், மெஷினைப் பிரித்துப் போட்ட கையோடு சொல்லியிருக்கிறேன். எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது பாய், இனிமேல் தப்பாது என்று எத்தனையோ தடவை விளக்கினேன். கேட்டுக்கொள்வார், அடுத்த லாரிக்குக் கூப்பிடுவார். எரிச்சலாகத்தான் இருக்கும். சொல்லாமல் வைத்ததில்லை.

சில வருடம் கழித்துக் கால் வலி என்று வேலையை விட்டார். கடைசி நாள் சாயங்காலம் ஒரு லாரி கேட்டுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லாரி வெளியே போய்விட்டது. இன்னொன்று வந்து நின்றது. அதற்கும் வரவில்லை.

நானே எடுத்தேன். “பாய், மணி அஞ்சே கால்” என்றேன்.

“சரியா இருக்கு சிஸ்டம்மா” என்றார்.